கை கொடுக்காதவள்

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாலாம் நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பிலிருந்த செப்புக்குடம் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அக்கா இரண்டடி தள்ளி நின்று துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். பதினாறு வயசில் எதிரே யார் நின்றாலும் நீட்டத்தான் செய்வோம். அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள்.

"கால் ஒடியல்லையே? எழும்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியை. எங்களுக்குப் பூர்வீகம் நாஞ்சில்நாடு. திருவனந்தபுரத்தில் வலியசாலைக்குப் பின்னால், கிள்ளியாற்றுப் பக்கமாக இறங்கும் தெருவில் வீடு. சாலைக் கடைத்தெருவில் அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு, ஜவுளிக்கடை இருந்தது. என் வீட்டுக்காரர் அதில் அண்ணனுக்கு அடங்கிய தம்பியாக வேலை பார்த்தார். கடையும் அத்தானுடையது, வீடும் அத்தானுடையது. அந்த வீட்டில் எங்களுக்கு ஒரு அறை.

அக்கா நல்ல உயரம். ஒட்டிய உடம்பு. பெண்பிள்ளைக்கு இவ்வளவு பெரிய பாதமா என்று தோன்றும். உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. தினமும் விடிகிற நேரத்தில் குளித்துவிட்டுப் பழவங்காடி வரைக்கும் நடந்து போய்ப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கோட்டையை ஒட்டிச் சுற்றிக்கொண்டு திரும்பி வருவாள். எங்கள் ஆட்களில் பெண்கள் தனியாக அப்படிப் போகிற வழக்கம் அன்று கிடையாது. தெருவில் பேசினார்கள். ஒருநாள் நானே கேட்டேன், பிள்ளையார் மேல் அவ்வளவு பக்தியா என்று. "பிள்ளையாருக்காக இல்ல. காலுக்காக" என்றாள். அவள் வேடிக்கையாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் முகத்தில் அது ஒருநாளும் தெரியாது.

யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டாள். அந்தச் சொம்பைக் கொஞ்சம் இங்கே தள்ளு என்று யாராவது சொன்னால், "கை எங்க போச்சு?" என்பாள். வந்த வருஷமே எனக்கு ஒரு காய்ச்சல் கண்டது. முதல் நாள் கஞ்சியைக் கொண்டுவந்து அறை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். நான் தவழ்ந்து போய்க் குடித்தேன். மறுநாள் கஞ்சி கூடத்து நடுவில் இருந்தது. மூன்றாம் நாள் அடுக்களையில். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே போனேன். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆனாலும் இவளை ஆயுசுக்கும் மன்னிக்கப் போவதில்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு பிறந்து இரண்டும் போயிற்று. அதைப் பற்றியும் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அத்தான் இதற்கெல்லாம் நேர்மாறு. சிவந்த, தடித்த மனுஷர். எப்போதும் சிரிப்பு. கடையில் மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்தால் உண்டு. வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர்ப்பானை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். "பிள்ளே, கொஞ்சம் தண்ணி" என்று என்னைக் கூப்பிடுவார். அடுக்களையிலிருந்து ஓடிவந்து கொடுப்பேன். அவருக்குக் கொண்டு கொடுப்பதில் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது. வாங்கிக்கொண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வார். பண்டிகைக்குப் புடவை எடுத்தால் அக்காவுக்கு எடுக்கிற அதே தரத்தில் எனக்கும் எடுப்பார். அவர் கூப்பிட்டால் அந்த வீட்டில் ஓடாதவள் அக்கா ஒருத்திதான்.

அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, நடக்க வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் பல தடவை சொல்லியிருந்தார். அக்கா விடியற்காலையில் கிளம்பும்போது கட்டிலருகில் நின்று வாரும் என்று கூப்பிடுவாள். அவர் கண்ணைத் திறக்காமலே, "எனக்கும் சேர்த்து நீயே நடந்துட்டு வா" என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள். வருஷக்கணக்கில் தினமும் கூப்பிட்டாள். தினமும் அவர் அதையே சொன்னார்.

இரண்டாவது யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி ஒரு காலை, முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தண்ணீர்க் கிண்டி நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். வலது கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு எச்சில் வழிந்தது. சிரிக்கிறார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். வலது பக்கம் முழுவதும் வாதம், தலையை அசைக்காமல் மாசக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருங்கள், சின்ன அலட்டல்கூடக் கூடாது என்றார். இப்போது கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அன்று எல்லா டாக்டரும் அதைத்தான் சொன்னார்கள். வைத்தியர் தைலம் கொடுத்தார். அவரும் படுக்கையைத்தான் சொன்னார். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அத்தானைத் தாங்கினோம். ஒருத்தர் விசிறினால் ஒருத்தர் வாயைத் துடைத்தோம். நான் ஊட்டினேன். அக்காவும் பேசாமல் சொன்னதைச் செய்தாள்.

பதினாறாம் நாள் உடம்பு துடைப்பதற்காக அவரைப் புரட்டியபோது, இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் காசு அகலத்துக்குச் சிவந்திருந்தது. அக்கா அதைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு அப்படியே இருந்தது. பிறகு என்னை அவர் தலைப்பக்கம் பிடிக்கச் சொல்லி, மெத்தையோடு அவரைத் தரையில் இறக்கினாள். கட்டிலைத் தானே இழுத்துப் போய்ப் பின்கட்டில் சாத்திவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் கிணற்றடியில் அந்த மெத்தையுறையைத் துவைக்கும்போதுதான் ஒரே ஒரு தடவை தன்னைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க அப்பா எட்டு வருஷம் கெடந்தாரு. எல்லாருக்கும் அவர்மேல உயிரு. தரையில கால் பட விடமாட்டாங்க. முதுகில ஓட்டை விழுந்து எலும்பு தெரிஞ்சுது. அதைக் கழுவித் துணி வைக்குகது என் வேலையாக்கும். எனக்கு அப்பம் பதினோரு வயசு" என்றாள். அவ்வளவுதான். உறையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். தெருவே அப்படித்தான் சொல்லிற்று.

முதலில் சோற்றை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றால் ஊட்டுவதை நிறுத்தினாள். தட்டை அவருடைய வலது பக்கத்தில், செத்துப்போன கைப்பக்கத்தில், எட்டாமல் வைப்பாள். வேண்டுமானால் புரண்டு வரட்டும். முதல் நாள் அவர் புரளவில்லை; என்னைப் பார்த்துப் பார்த்துக் கண்ணீர் விட்டார். எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். சோறு காய்ந்து போயிற்று. இரண்டாம் நாள் ராத்திரி புரண்டார்.

பிறகு ஒரு துவர்த்துத் துண்டை எடுத்து அவருடைய நல்ல கையை, இடது கையை, உடம்போடு சேர்த்துக் கட்டினாள். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டையைப் போட்டு, வெறுங்கிண்ணம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தாள். வலது கையால் பத்துக் கொட்டையை அதிலிருந்து இதில் போட்டால்தான் சாப்பாடு. அந்தக் கை கிண்ணத்தைத் தட்டிக் கவிழ்க்கும். கொட்டை அறையெல்லாம் சிதறும். அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி கிண்ணத்தில் போடுவாள். எத்தனை தடவை கவிழ்ந்தாலும் பொறுக்கினாள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. அவர் குழந்தையைப்போல அலறுவார். என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல் அறைக்குள் போய், மைனி, இது பாவம், விட்டுருங்க என்று கெஞ்சினார். "நீ கடைக்குப் போ" என்றாள் அக்கா.

வைத்தியர் கேள்விப்பட்டு வந்தார். அவர் மலையாளத்துக்காரர், எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். அவிழ்த்துவிடும்படி மரியாதையாகத்தான் சொன்னார். அக்கா அவிழ்க்கவில்லை. "அம்மே, ஆளு மரிச்சுப் போகும். ஞான் இனி இங்கே வரில்ல" என்று தைலக்குப்பியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார். அந்தத் தைலத்தைப் போட்டு அக்கா தினமும் இரண்டு வேளை அவர் காலைத் தேய்த்தாள். மூட்டு மூட்டாக மடக்கி நீட்டினாள். வலியில் அவர் உதட்டைக் கடித்து ரத்தம் வந்தால் துடைத்துவிட்டு மறுபடி மடக்கினாள்.

மூன்றாவது மாசம் கூடத்துச் சுவரில் ஆணி அடித்து நீளமாகக் கயிறு கட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க வேண்டும். அவள் அவருக்கு முன்னால், முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடப்பாள். அவர் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் எப்போதும் இருப்பாள். ஒருநாள் கயிறு கைதவறி அவர் விழுந்து தூணில் நெற்றி அடிபட்டது. நான் ஓடிப்போய் அவரைத் தூக்கப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ இன்னைக்குத் தூக்கினா நாளைக்கும் நீதான் தூக்கணும்" என்றாள்.

அத்தான் தரையில் கிடந்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராக எழுந்து உட்கார ஒரு நாழிகைக்கு மேலாயிற்று. அவள் அதுவரைக்கும் நின்றாள். நெற்றி ரத்தத்தை அதற்குப் பிறகுதான் துடைத்தாள்.

இதையெல்லாம்கூட அவர் மறந்திருப்பார் என்று நினைக்கிறேன். மறக்காதது வேறு. கடையிலிருந்து நாலு பேர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு முதலாளியைப் பார்க்க வந்திருந்தார்கள். வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது. குழறிக் குழறி ஒவ்வொருத்தர் வீட்டையும் விசாரித்தார். நடுவில் கொல்லைப்பக்கம் போகவேண்டும் என்று எனக்குச் சைகை காட்டினார். நான் எழுந்தேன். என் வீட்டுக்காரரும் எழுந்தார். அக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். தானாகப் போவார் என்றாள். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடிமேல் அடி வைத்துப் போனார். பாதிக் கூடம் போனதும் நின்றார். வேட்டி நனைந்து காலடியில் குளமாகத் தேங்கியது. வந்த நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தான் கயிற்றைப் பிடித்தபடி திரும்பி அக்காவைப் பார்த்தார். "மீதியையும் நடந்து போய்க் கழுவிட்டு வாரும்" என்றாள் அவள்.

அவர் போனார். போய்க் கழுவிக்கொண்டு வந்தார். யார் துணையும் இல்லாமல் அவர் கிணற்றடி வரை போய்த் திரும்பியது அன்றைக்குத்தான்.

எட்டு மாசத்தில் கைத்தடியோடு தெருவில் இறங்கினார். பழவங்காடிக்குப் போய் வலது கையால் தேங்காய் எறிந்தார். அது உடையாமல் உருண்டு ஓடிற்று. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பிள்ளையார் கொடுத்த கால் என்றார்கள். வைத்தியர் தன் தைலம் என்றார். டாக்டர், அத்தான் படுக்கையில் கிடந்த அந்தப் பதினாறு நாளைச் சொன்னார். அக்கா கோயிலுக்கு எதிர்ப்புறத்தில், ரஸ்தாவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொரு தடவை வந்தால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் விடவில்லை. நாலு வருஷம், மழையானாலும் வெயிலானாலும், தினமும் காலையில் அவரை நடக்க வைத்துக் கூட்டிப்போனாள். அவள் முன்னால், அவர் பின்னால். உப்பைக் குறைத்தாள், நெய்யை நிறுத்தினாள். அவர் உடம்பு பாதியாக இறங்கி, வயசும் குறைந்த மாதிரி ஆயிற்று. கடைக்குப் போனார், வியாபாரம் பார்த்தார், எல்லோரிடமும் பழையபடி சிரித்துப் பேசினார். அக்காவிடமும் சிரித்துத்தான் பேசினார். ஆனால் அவள் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார். அவள் எதையும் நீட்டுகிறவளும் அல்ல. எப்போதாவது மறந்து நீட்டினால், "அங்கே வை. நானே எடுத்துக்கிடுகேன்" என்பார். குரலில் கோபம் துளிகூட இருக்காது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அரிசி கிடைக்காமல் நாங்கள் மரச்சீனிக்கிழங்கு தின்ற காலம். ஒரு காலை அடுக்களையில் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அக்கா அரிவாள்மணைமேல் சாய்ந்தாள். நல்லவேளையாக அலகு படவில்லை. தினமும் நாலு மைல் நடந்தவளுக்கு எப்படி வந்தது என்று டாக்டருக்கே புரியவில்லை. அவளுக்கு ரத்தக்கொதிப்பு இருந்ததா என்று அதுவரை ஒருத்தரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு முழுவதுமாகப் போயிற்று. ஏ, ஏ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அறிவு கலங்கவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரியும்.

பின்கட்டிலிருந்து பழைய கட்டிலை எடுத்துவரச் சொன்னார் அத்தான். புது மெத்தை தைக்கச் சொன்னார். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக எடுத்து ஊதி ஆறவைத்து ஊட்டினார். அந்த வலது கையால்தான் ஊட்டினார். நடுங்கும், ஆனால் சிந்தாது. அவள் வாயை இறுக்கிக்கொள்வாள். அவர் கோபிக்கமாட்டார். கரண்டியை உதட்டருகில் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார். "வாயைத் திற. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கிடுகேன்" என்பார்.

தெருப் பெண்கள் வந்து பார்த்துக் கண் கலங்கினார்கள். அவள் அவருக்குச் செய்ததென்ன, அவர் அவளுக்குச் செய்கிறதென்ன, இப்படி ஒரு மனுஷன் எந்த ஜென்மத்துக்குக் கிடைப்பான் என்றார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு காலை அவள் தரையில் கிடந்தாள். இடது கையால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்து அரை ஆள் தூரம் நகர்ந்திருந்தாள். புரண்டு விழுந்துவிட்டாள் என்றார்கள். அத்தான் அன்றைக்கே ஆசாரியை வரவழைத்து, கட்டிலின் இரண்டு பக்கமும் கால்மாட்டிலும் பலகை அடிக்கச் சொன்னார். ஆசாரி அளவெடுக்கும்போது அக்கா என்னைப் பார்த்தாள். அவள் விழவில்லை, இறங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அத்தான் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் போனார். பிறகு சில நாள் மத்தியானங்களில் கடை விஷயமாக வெளியே போய்வந்தார். அவர் நாகர்கோவில் போன அன்று மத்தியானம் நான் கதவைச் சாத்திவிட்டு ஒரு பக்கப் பலகையை எடுத்தேன். மெத்தையோடு அவளைத் தரைக்கு இறக்கினேன். ஒரு கிண்ணத்தில் கருப்பட்டித்துண்டு போட்டு அறையின் அந்தக் கோடியில் கொண்டு வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள். இடது முழங்கையை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். வியர்வையில் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாய் கோணலாகப் போயிற்று. ஆனாலும் சிரிப்புத்தான். அந்த வீட்டில் எட்டு வருஷத்துக்கு மேல் இருந்து, அதுவரைக்கும் நான் அவள் சிரித்துப் பார்த்ததில்லை.

பதினோரு மத்தியானம் அப்படிச் செய்தோம். கடைசி நாள் அவள் வலது முழங்கால் தானாக அரை விரல்கடை மடங்கிற்று. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அத்தான் கதவைத் திறந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. என்னை உதவச் சொல்லி அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். பலகையைத் திரும்ப மாட்டினார். போர்வையை இழுத்துவிட்டார். அவள் இடது கையால் பலகையை அடித்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தபடி என்னிடம் பேசினார்.

"பிள்ளே, நாலு பேரு முன்னால நான் நனைஞ்சு நின்னேன். நீயும் பாத்தே. இவளை ஒருத்தரும் அப்படிப் பாக்கப்பிடாது. தரையில இழையுகதை நீகூடப் பாக்கப்பிடாது. அதுக்காக்கும் இந்தக் கட்டில்" என்றார்.

அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. நிஜமான கண்ணீர்தான். இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பற்றி என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நான் பதில் சொன்னேன். உங்களை நடக்க வைத்தது அவள்தானே அத்தான், அவளையும் நடக்க விடுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "நடந்தேன். ஆனா நடந்தது நான் இல்ல பிள்ளே. இவ நடத்தினா" என்றார்.

ராத்திரி என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார், அண்ணன் பெண்டாட்டியை அண்ணன் பார்க்கிறார், நமக்கு இதில் என்ன, இந்த வீட்டில்தானே நாம் இருக்க வேண்டும் என்று. மறுநாள் முதல் அந்த அறைக்குள் நான் போவதென்றால் அத்தான் இருக்கும்போதுதான். நான் எதிர்த்துப் பேசவில்லை. பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்; பயமும் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. அவள் கண் என்னைத் தேடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. எட்டாத தூரத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பதினாலு மாசம் கிடந்தாள். புண் வந்தது. அத்தானே கழுவித் துணி வைத்தார், முகம் சுளிக்கவில்லை. பிறகு ஒருநாள் ஊட்டும்போது புரை ஏறிற்று. மறுநாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். சுமங்கலியாகப் போன புண்ணியவதி என்றார்கள்.

அந்த அறையிலேயே கட்டிலருகில் குளிப்பாட்டும்போது மேல்பக்கத்தைத் தெருப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். காலை நான் கழுவினேன். அந்தப் பெரிய பாதங்கள் சதையெல்லாம் போய் எலும்பாக இருந்தன. ஒரு வருஷத்துக்கு மேல் மண்ணை மிதிக்காத கால். குழந்தையுடையதைப்போல மெதுமெதுவென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் இடது பாதத்தில், விரல்களுக்குக் கீழே, தோல் தடித்துக் காய்த்துப்போயிருந்தது. கால்மாட்டுப் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் ஒரு இடம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. யாரும் பார்க்காத நேரமெல்லாம் அதை உதைத்து உதைத்துத் தள்ளியிருக்கிறாள்.

அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொரு இடமும் தேய்ந்திருந்தது.

வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். அங்கேயும் காய்ப்பு இருந்தது. இடதில் இருந்த அளவு இல்லை. புதிது. ஆனால் நல்ல கெட்டி.

வாசலில் நின்றிருந்த அத்தான், "என்ன பாக்கே பிள்ளே?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தான். மஞ்சள் பூசுகேன்" என்றேன்.

இரண்டு பாதத்துக்கும் ஒரேமாதிரி, அடி தெரியாமல், கனமாகப் பூசினேன்.